நிறுத்தி வைக்கும் பொத்தானுக்கு ஒரு நட்சத்திரம் கூடுதல்

நன்கொடை கொடுக்கப் போய் அபராதம் கட்டியவள் நான். பேரிடர் நிவாரணத்துக்கென்று மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு தேதி கொடுத்திருந்தேன். அந்தத் தேதியில் கணக்கில் காசு இல்லை, சம்பளம் வர இன்னும் நான்கு நாள் இருந்தது. பிடித்தம் திரும்பிப் போனது. அதற்கு வங்கி போட்ட அபராதம் நான் கொடுக்க நினைத்த தொகையைவிட அதிகம். நிவாரணத்துக்கு ஒரு காசும் போகவில்லை. என் கையிலிருந்து மட்டும் போய்விட்டது.

அந்த எரிச்சலில்தான் இதை எழுதலாம் என்று தோன்றியது. கைப்பேசிக்கும் காலணிக்கும் விமர்சனம் எழுதுகிறோம், கொஞ்சமாகக் கொடுக்கிற ஆளுக்கு எந்த நன்கொடைச் சேவை சரிப்படும் என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கிறவர்களுக்கு இது உதவாது. கொடுத்த பிறகு மாதக் கடைசியை நினைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. மணிக்கணக்குச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். பகலில் ஓர் அலுவலகம், இரவில் வீட்டிலிருந்தபடி இன்னொரு நிறுவனத்தின் பில்களைப் பதிவது. தனிநபர் கடன் ஒன்று ஓடுகிறது. அம்மாவின் மாத்திரை அட்டைகள் மாதம் ஒன்பது. என் கைப்பேசித் திரையில் விழுந்த விரிசல் எழுத்துகளின் நடுவே ஓடுவது பழகிவிட்டது, அதை இப்போதைக்கு மாற்றும் எண்ணமில்லை. நான் கொடுப்பது மாதம் ஒரு மணி நேரச் சம்பளம். தொகையாகச் சொல்லாமல் இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்த மணி நேரம் அது என்று எனக்குத் தெரியும்: மாதத்தின் முதல் திங்கள், இரவு பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. அந்த ஒரு மணி நேரம் நான் எனக்காக வேலை பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "உனக்கே ரெண்டு தவணை பாக்கி நிக்குது. இதுல தர்மம் வேறயாடி?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. பதில் என்னிடம் இல்லை, இன்றைக்கும் இல்லை. தவணை பாக்கியை அடைத்தது நானாக இருந்தாலும், கேள்வி மட்டும் அவளுடையதாகவே நிற்கிறது.

ஆரம்பம் 2023 பிப்ரவரி 6. துருக்கி, சிரியா எல்லைப் பக்கம் 7.8 அளவில் நிலநடுக்கம். இரண்டு நாடுகளிலும் சேர்த்து 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பில் பதிந்துகொண்டே பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடிபாட்டுக்குள் குரல் கேட்கிறதா என்று எல்லோரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிக் கைகாட்டுகிறார்கள், கூட்டம் மொத்தமும் அப்படியே நிற்கிறது. அந்த அமைதியைப் பார்த்து எனக்கு விசைப்பலகையில் தட்டக் கூச்சமாக இருந்தது. உடனே ஏதாவது அனுப்ப வேண்டும் என்று, கண்ணில் பட்ட முதல் நிதி திரட்டும் பக்கத்தைத் திறந்தேன்.

நான் போட்டுப் பார்த்த நான்கு வழிகளில் இது முதலாவது: யாராவது ஒரு தனி ஆள் பக்கம் தொடங்கி, இவ்வளவு வேண்டும் என்று கேட்டு, பச்சைக் கோடு ஏறுவதைக் காட்டுகிற தளங்கள். கொடுப்பது சுலபம், பெயர், அட்டை எண், முடிந்தது. ஆனால் கடைசித் திரையில் மொத்தத்தைப் பார்த்தால் நான் தட்டிய தொகையைவிடக் கூட இருந்தது. மேலே போய்த் தேடினேன். தளத்துக்கு 'அன்பளிப்பு' என்று ஒரு நழுவு பட்டை இருக்கிறது, அது ஏற்கெனவே நூற்றுக்குப் பதினைந்தில் நிற்கிறது. இழுத்தால் பத்து வரைதான் இறங்கும். பூஜ்யம் போட வேண்டுமென்றால் 'வேறு தொகை' என்று சாம்பல் நிறத்தில் சின்னதாக எழுதியிருப்பதைத் தொட்டு, கையால் 0 தட்ட வேண்டும். என் திரை விரிசல் சரியாக அந்த இடத்தில்தான் ஓடுகிறது.

தளம் நடத்தச் செலவாகும், எனக்குத் தெரியாதா? நான் பார்க்கிற வேலையே அதுதான். கட்டணம் இவ்வளவு என்று முதல் வரியில் எழுதிப் பிடித்துக்கொள்ளட்டும், சந்தோஷமாகக் கொடுப்பேன். ஏற்கெனவே போட்டு வைத்துவிட்டு, வேண்டாம் என்றால் நீயே தேடி எடு என்று சொல்வதுதான் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரச் சம்பளத்தில் பதினைந்து விழுக்காடு ஒன்பது நிமிடம். என் ஒன்பது நிமிடத்தை என்னைக் கேட்காமல் எடுத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

இன்னொரு பயமும் அங்கே உண்டு. அதே நிலநடுக்கத்தின்போது, தீயணைப்பு வீரர் ஒருவர் குழந்தையை அணைத்துக்கொண்டு நிற்பதுபோல் ஒரு படம் நன்கொடை கேட்டுச் சுற்றியது. உற்றுப் பார்த்தால் அவர் கையில் ஆறு விரல். கணினி வரைந்த படம். அப்படிப்பட்ட படங்களைப் போட்டுக் கிரிப்டோ என்கிற இணைய நாணயத்தில் அனுப்பச் சொல்லி ஏமாற்றியவர்கள் இருந்தார்கள் என்று செய்தி வந்தபோது, நான் கொடுத்த பக்கத்தை மறுபடி போய்ப் பார்த்தேன். அது போலி இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எழுதியவர் யார், பணத்தை எப்படிக் கொண்டுபோனார், யாரிடம் கொடுத்தார், ஒன்றும் இல்லை. நன்றி என்று ஒரு வரி, அப்புறம் மௌனம். நேரில் தெரிந்தவர் ஒருவருக்கு வீடு எரிந்துபோனது என்றால் இந்தத் தளங்கள் நல்ல வழிதான். தெரியாத ஊருக்கு, தெரியாத ஆள் மூலம் என்றால் வேண்டாம். 5-க்கு 2.

இரண்டாவது, குறுஞ்செய்தி. இதை நான் ஒரே ஒரு தடவைதான் செய்தேன், ஆனால் இதற்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஒரு சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பத்து டாலர் உங்கள் கைப்பேசி பில்லில் சேரும் என்று அறிவித்தது. அப்படிப் பத்துப் பத்தாகச் சேர்ந்தது 3 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல். பின்னால் பியூ ஆய்வு மையம் அந்தக் கொடையாளிகளிடம் விசாரித்தபோது, நான்கில் மூன்று பங்குப் பேர் செய்தியைக் கேள்விப்பட்ட அன்றைக்கே அனுப்பியிருந்தார்கள் என்று தெரிந்தது. அட்டை எண், முகவரி, கடவுச்சொல் எதுவும் கேட்காமல் இருந்தால் மனிதர்கள் கொடுத்துவிடுகிறார்கள். படிவத்தின் மூன்றாவது பக்கத்துக்கு வருவதற்குள் பாதிப் பேருக்கு அடுப்பில் எதுவோ பொங்கிவிடும்.

குறை என்னவென்றால், பணம் உடனே போகாது. நாம் பில் கட்ட வேண்டும், தொலைபேசி நிறுவனம் அதைப் பிரித்து அனுப்ப வேண்டும், சில நேரம் மூன்று மாதம் வரை ஆகிவிடும். ஹெய்ட்டிக்குச் சில நிறுவனங்கள் முன்கூட்டியே கொடுத்து உதவின, அது விதிவிலக்கு. அப்புறம், ரசீது சரியாக வராது. கணக்கு எழுதுகிறவளுக்கு ரசீது இல்லாத செலவு பல்லில் சிக்கிய நார் மாதிரி. 5-க்கு 3, அதுவும் அந்த ஹெய்ட்டிக் கூட்டத்துக்காக.

மூன்றாவது, சில்லறையைச் சேர்க்கும் செயலி. நாம் எதை வாங்கினாலும் தொகையை அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றி, மிச்சத்தை நன்கொடைக்கு எடுத்து வைக்கும். கேட்க அழகாக இருக்கும். எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எவ்வளவு போயிருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் கொடுப்பதுதான் அதன் பெருமை என்கிறார்கள். கையில் தாராளமாக இருந்தால் அது பெருமை. எனக்கு அது ஓட்டை. தவிர, செலவு அதிகமான மாதத்தில், அதாவது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் நாலு இடத்தில் மருந்து வாங்குகிற மாதத்தில்தான், நன்கொடையும் அதிகமாகப் போகிறது. கஷ்டம் கூடக் கூடப் பிடித்தமும் கூடுகிற ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ. 5-க்கு ஒன்றரை.

சரி, நான்காவது. இதைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். நிவாரண வேலையை நேரடியாகச் செய்கிற ஒரு நிறுவனத்துக்கு மாதச் சந்தா மாதிரி கொடுப்பது. முதல் பத்தியில் சொன்ன அபராதக் கதை இங்கேதான் நடந்தது, அதனால் பெயர் சொல்லவில்லை. நியாயமாகப் பார்த்தால் தப்பு அவர்களுடையதும் இல்லை. தேதியைத் தேர்ந்தெடுத்தது நான்.

அபராதம் வந்த மறுநாள் அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ரத்து செய்யத்தான் கூப்பிட்டேன். எடுத்த பெண் சின்ன வயசு, பின்னால் நிறையக் குரல்கள் கேட்டன. நான் கோபமாக ஆரம்பித்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்களுக்குச் சம்பளம் எந்தத் தேதிங்க வரும்?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப அதுக்கு ரெண்டு நாள் தள்ளி மாத்திடறேன். முடியாத மாசம் இருந்தா கணக்குக்குள்ள போய் 'நிறுத்தி வை'ன்னு ஒண்ணு இருக்கும், தொட்டுடுங்க. காரணம் எல்லாம் கேட்காது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடன் கொடுத்த இடத்தில் இப்படி ஒரு பொத்தான் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அந்தப் பொத்தானைப் பிறகு நான் பயன்படுத்தினேன். அம்மா பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார். வரிசையில் நின்றபடியே கைப்பேசியில் தொட்டேன். எத்தனை மாதம் என்று கேட்டது. மூன்று என்றேன். "நிறுத்தி வைத்துவிட்டோம். நலமாக இருங்கள்" என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். அழுகிற குழந்தையின் படம் இல்லை, "உங்களை நம்பி இருக்கிறார்கள்" இல்லை. வேறொரு நிறுவனத்துக்கு ஒரே ஒரு தடவை கொடுத்த பாவத்துக்கு, வாரம் இரண்டு மின்னஞ்சல் அப்படித்தான் வருகிறது. தலைப்பிலேயே என் பெயரைப் போட்டு, நான் கைவிட்டுவிட்டேனா என்று கேட்கிறார்கள். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அன்றைக்கு யார் யாரைக் கைவிட்டார்கள் என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

நான்காவது மாதம் பிடித்தம் தானாகத் திரும்ப ஆரம்பித்தது. இரண்டு நாள் முன்னதாக ஒரு நினைவூட்டல் வந்தது. ரத்து செய்திருந்தால் மறுபடி சேர்ந்திருப்பேனா என்றால், மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வழியில் இன்னொரு விஷயம் பிடித்தது. பணம் எதற்கு என்று கேட்கும்போது, இன்ன பேரிடருக்கு என்று கட்டலாம், அல்லது பொது நிதிக்கு என்று விடலாம். முதலில் நான் எப்போதும் பெயர் போட்டுத்தான் கொடுப்பேன். செய்தியில் பார்த்த ஊருக்கே போக வேண்டும் என்ற பிடிவாதம். மாறியதற்குக் காரணம் ஒரு பழைய சம்பவம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகம் முழுக்கப் பணம் கொட்டியது. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு, சில நாட்களிலேயே, 2005 ஜனவரி தொடக்கத்தில், எங்கள் சுனாமி வேலைக்கு வேண்டியது வந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. வந்து குவிந்ததை வேறு இடங்களுக்குப் பயன்படுத்தலாமா என்று கொடுத்தவர்களிடமே கடிதம் எழுதிக் கேட்டது. பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். போதும் என்று சொல்கிற கல்லாப்பெட்டியை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

கேமரா போகிற இடத்துக்குப் பணம் வந்துவிடும். ஓர் ஆற்றங்கரையில் முந்நூறு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் கேமரா போகாது. அந்த மாதிரிச் சின்ன வெள்ளம், சின்னப் புயலுக்கு உடனே எடுத்துக் கொடுக்கவென்றே செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1985 முதல் ஓர் அவசர நிதி வைத்திருக்கிறது. முதலில் கையிருப்பிலிருந்து பணம் போய்விடும், வேண்டுகோள் விடுத்து வசூல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு கையிருப்பு இருக்க வேண்டுமென்றால், செய்தியே இல்லாத மாதத்திலும் யாராவது போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றும் நடக்காத செவ்வாய்க்கிழமையில் என் ஒரு மணி நேரம் போய் அங்கே உட்காருவது எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் எனக்கு அப்படி ஒரு கையிருப்பு இல்லாததால்தான் பிடித்திருக்கிறதோ என்னவோ.

என் காசு எதை வாங்குகிறது என்ற கேள்வி வரும். "உங்கள் பணத்தில் ஒரு குடும்பம் பிழைத்தது" என்று எழுதுகிற கடிதங்களை நான் நம்புவதில்லை. நிவாரணப் பணியில் இருப்பவர்கள் 'ஸ்ஃபியர்' என்றொரு கையேட்டை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள், 1997-இல் தொடங்கிய முயற்சி அது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. தங்குமிடத்தில் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை வீட்டில் அளந்து பார்த்தேன். என் குளியலறை வாளி அடியில் 15 லி. என்றே அச்சிட்டிருக்கிறது. அந்த ஒரு வாளிதான் ஒரு நாள் முழுதும் என்று முடிவு செய்தேன். பல் துலக்கி, முகம் கழுவி, ஒரு வேளைக்குச் சமைத்து, தட்டு கழுவியதிலேயே பாதிக்குக் கீழே போய்விட்டது. குளிக்கவில்லை. மாலையில் வாளியின் அடி தெரிந்தபோது அம்மா, "என்ன பண்ணிட்டிருக்க?" என்று கேட்டார். டேப் எடுத்துத் தரையில் 3.5 சதுர மீட்டரைச் சாக்பீஸால் வரைந்தேன். என் கட்டிலும் அதன் பக்கத்தில் நிற்க இடமும், அவ்வளவுதான் அடங்கியது. பில் பதிகிற மேசை கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அதுவும் கையேடு கேட்கிற குறைந்தபட்சம். அதுகூடக் கிடைக்காத முகாம்கள் எத்தனையோ.

தண்ணீர் சுத்தம் செய்யும் குளோரின் மாத்திரை ஒன்று, 67 மில்லிகிராம் அளவு, தெளிந்த தண்ணீர் 20 லிட்டருக்குப் போதும். அம்மாவின் மாத்திரை அட்டை மாதிரியேதான் அதுவும் அட்டையில் வருகிறது. கடிதத்தில் எனக்கு இதைச் சொன்னால் போதும்: உங்கள் தொகைக்கு இத்தனை அட்டை. குழந்தை முகம் வேண்டாம்.

பொருளாகக் கொடுத்தால் என்ன என்று அக்கா கேட்டாள், பழைய துணி பீரோ நிறைய இருக்கிறதே என்று. துணிக்கும் ஒரு கதை உண்டு. அதே சுனாமியின்போது நாகப்பட்டினத்திலும் இந்தோனேசியாவின் ஆச்சேவிலும் யாரும் எடுக்காத துணிகள் மழையில் நனைந்து மலையாகக் கிடந்தன. பிரிக்க ஆள் வேண்டும், வைக்க இடம் வேண்டும், அந்த ஆளும் இடமும்தான் அங்கே இல்லாதவை. துணியைத் தரம் பிரித்து ஒழுங்காகப் பயன்படுத்துகிற அமைப்புகள் இருக்கின்றன, கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். கேட்காமல் மூட்டை கட்டி அனுப்பினால் அது நம் பீரோவுக்கு நிவாரணம். இதைச் சொன்னதும் அக்கா இரண்டு நாள் பேசவில்லை.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை, தொழில் புத்தி விடவில்லை. அட்டை மூலம் கொடுத்தால் பொதுவாக ஒரு விழுக்காடும், அதோடு ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு நிலையான சிறு தொகையும் கழியும். பெரிய தொகையில் அந்த நிலையான தொகை தெரியாது. சின்னத் தொகையைத்தான் அது கடிக்கும். ஒரு மணி நேரச் சம்பளத்தை வாரா வாரம் கால் காலாகப் பிரித்து அனுப்பினால் நாலு கடி. மாதம் ஒரு தடவை என்றால் ஒரு கடி. வங்கியிலிருந்து நேரடிப் பிடித்தம் பல இடங்களில் அட்டையைவிட மலிவு. தேதியை மட்டும் சம்பளத்துக்குப் பின்னால் வையுங்கள். நான் கட்டிய அபராதத்தில் நீங்களாவது பாடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேருவதற்கு முன்னால் நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். பதிவு எண் இருக்கிறதா, அந்த எண்ணை அரசுப் பட்டியலில் போட்டால் அதே பெயர் வருகிறதா. தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு வெளியில் இருக்கிறதா. நிர்வாகச் செலவு பூஜ்யம் என்று யாராவது சொன்னால் நான் நகர்ந்துவிடுவேன். லாரி ஓட்டுநருக்குச் சம்பளம் வேண்டாமா? அன்றைக்குத் தொலைபேசியை எடுத்த பெண்ணுக்கு?

ஆக, நான்காவது வழிக்கு 5-க்கு 4. மூன்றுதான் போட்டிருப்பேன், நிறுத்தி வைக்கும் பொத்தானுக்காக ஒன்று கூட்டினேன். ஐந்து போடாததற்குக் காரணம் இருக்கிறது. செயலியில் எழுத்து எறும்பு அளவு. அப்புறம் ரசீது. ஒழுங்காக ஒவ்வொரு மாதமும் வருகிறது, வரிசை எண்ணோடு வருகிறது, தொகை சரியாக இருக்கிறது. ஆனால் என் பெயருக்கு முன்னால் 'திரு.' என்று போட்டு வருகிறது. மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்று தடவையும் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, "அன்புள்ள ஐயா" என்று.